நாலு நாள் மலைக்குப் பை எடுப்பதென்றால்

என் அம்மாவின் தலையில், நெற்றிக்கு நாலு விரல் மேலே, முடி மெலிந்து ஒரு தடம் தெரியும். கூடைக் கயிறு விழுந்த தடம். முப்பது வருஷத்துக்கு மேல் தேயிலைக் கொழுந்து எடுத்தவர் அவர். நானும் ஆறு வருஷம் அந்தக் கயிற்றைத் தலையில் மாட்டியிருக்கிறேன். எங்கள் லயம், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு, இலங்கையில் அப்புத்தளைக்கு மேலே இருக்கிறது. இப்போது நான் கொழுந்துக்குப் போவதில்லை; மலையில் நடக்க வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன். கூடாரம், அடுப்பு, அரிசி, பருப்பு எல்லாம் என் முதுகில்தான் ஏறும்.

கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "அக்கா, அறுபது லீட்டர் பை எடுக்கவா, எழுபது எடுக்கவா?" லீட்டரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் உங்கள் முதுகின் நீளம், அடுத்தது பையைத் தாங்கும் பிரேம் என்கிற சட்டம், அதற்கடுத்தது இடுப்புப் பட்டி. இந்த மூன்றும் சரியாக அமைந்த ஐம்பது லீட்டர் பை, சரியில்லாத எண்பது லீட்டர் பையைவிட அதிகம் சுமக்கும்.

கூடையிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பாரம் எப்படி இறங்குகிறது என்பதை நான் அங்கேதான் படித்தேன். கூடைக் கயிறு தலையில் விழுவதால் பாரம் முதுகெலும்பு வழியாக நேரே கீழே போகிறது. தோள் தப்பிக்கிறது. அதனால்தான் இரண்டு கையும் எட்டும் தூரமெல்லாம் கொழுந்து கிள்ள முடிகிறது. ஆனால் கழுத்து மாட்டிக்கொள்கிறது. அந்திக்கு மடுவத்தில், அதாவது எடை போடும் கொட்டகையில், கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும் பெண்களைப் பாருங்கள், கூடை இறங்கின பிறகும் தலை முன்னால் குனிந்தேதான் இருக்கும். சாதாரணப் பள்ளிக்கூடப் பை இதற்கு நேர்மாறு. கழுத்தை விட்டுவிட்டுத் தோளைப் பிடிக்கிறது. இரண்டும் நாலு நாளைக்குச் சரிவராது.

சரி, பாரத்தை எங்கே இறக்குவது? நம் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் பதில் தெரியும். பீலியில் தண்ணீர் பிடித்த குடத்தை எங்கே வைக்கிறோம்? இடுப்பில். பிள்ளையை எங்கே தூக்கி வைக்கிறோம்? இடுப்பில். இடுப்பெலும்பு நேராகக் காலோடு சேர்ந்தது. உடம்பில் பாரம் தாங்கப் பிறந்த இடம் அது. பெரிய பைகளில் பிரேம் என்று ஒன்றை வைத்திருப்பதே, முதுகில் தொங்கும் பாரத்தைக் கீழே கொண்டுபோய் இடுப்பில் உட்காரவைக்கத்தான்.

கடைக்குப் போவதற்கு முன் சாமானை வீட்டுத் தரையில் பரப்பி நிறுத்துப் பாருங்கள். நக்கிள்ஸ் மலைத்தொடர்ப் பக்கம் நாலு நாள் கூடாரத்தில் தங்கப் போகும் ஒருவருக்கு நான் போடும் கணக்கு இது: கூடாரம் 2.2 கிலோ, தூங்கும் பை 1.3, பாய் அரைக் கிலோ, சாப்பாடு நாளுக்கு 600 கிராம் வீதம் 2.4, தண்ணீர் மூன்று லீட்டர் என்றால் 3, அடுப்பும் கேஸும் 0.7, பாத்திரம் அரை, உடுப்பு 2, மழைச்சட்டை 0.4, டோர்ச், மருந்து, சார்ஜர் எல்லாம் சேர்த்து 0.8. இதுவே 13.8 கிலோ. பை 2.2 கிலோ என்றால் 16 ஆகிவிட்டது. உடம்பு எடையில் ஐந்தில் ஒரு பங்கு சுமக்கலாம் என்பது நடைப்பயணக்காரர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. 60 கிலோ ஆளுக்கு அது 12 கிலோதான். அப்படியென்றால் கூடாரத்தை இரண்டு பேர் பங்கு போட வேண்டும், ஒருவர் துணி, ஒருவர் கம்பி. உடுப்பைக் குறைக்க வேண்டும். தூங்கும் பையை மட்டும் குறைக்க வேண்டாம். தை மாசத்தில் நுவரெலியாவில் புல் மேல் உறைபனி விழுகிற ஊர் இது.

பீகோ ட்ரெயிலில் நடக்கிறவர்களுக்கு இவ்வளவு தேவையில்லை. கண்டி ஹந்தானையில் ஆரம்பித்து நுவரெலியாவில் முடியும் அந்த 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாதையை 22 கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். பெரும்பாலும் தோட்டத்து ரோடும் ஊர்களும்தான். ராத்திரிக்கு அறை கிடைக்கும். அதற்கு 35, 40 லீட்டரும் மெல்லிய பிரேமும் போதும். கூடாரமும் சமையலும் சேரும்போதுதான் 55 முதல் 65 லீட்டர். அதற்கு மேல் எடுத்தால், இடம் இருக்கிறதே என்று கையில் கிடைத்ததையெல்லாம் திணித்துவிடுவோம். நான் பார்த்த மட்டில் யாரும் இதற்குத் தப்பியதில்லை.

இனி பிரேம். பைக்கு வெளியே அலுமினியக் குழாய்ச் சட்டம் தெரிவது ஒரு வகை. 1952இல் அமெரிக்காவில் டிக் கெல்டி என்பவர் இப்படிப் பை செய்து விற்க ஆரம்பித்தார், மனைவி பை தைத்துக் கொடுத்தார். முதுகுக்கும் பைக்கும் நடுவே காற்று ஓடும், பெரிய பாரம் தாங்கும். ஆனால் நம் பாதைகளில் அது இடிக்கும். தேயிலைச் செடிகளுக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதையிலும், மூங்கில் புதரிலும், பண்டாரவளை பஸ்ஸின் வாசலிலும் கம்பி மாட்டிக்கொள்ளும். இரண்டாவது வகை, சட்டம் பைக்குள்ளேயே இருப்பது. 1967இல் கிரெக் லோ செய்தது அதற்கு முன்னோடி. முதுகை ஒட்டி இரண்டு அலுமினியப் பட்டைகள், அல்லது பட்டையோடு ஒரு பிளாஸ்டிக் தகடு. உடம்போடு ஒட்டிக்கொண்டு ஆடாமல் வரும். பாறைமேல் கால் வைத்து ஏறும் இடங்களில் இதுதான் நம்பிக்கையானது. இங்கே பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

முதுகில் வலை இழுத்துக் கட்டிய பைகள் கடையில் அழகாக இருக்கும். முதுகு வேர்க்காது என்பார்கள், அது உண்மை. ஆனால் வலைக்கும் பைக்கும் நடுவே ஐந்தாறு சென்றிமீட்டர் இடைவெளி விழுகிறது. அத்தனை தூரம் பாரம் பின்னால் தள்ளிப்போய் உங்களை இழுக்கும். பத்துக் கிலோ வரை தெரியாது. பதினைந்தில் ஏற்றத்தில் தெரியும். கீழ்நாட்டு வெயிலில் நடப்பவர் வாங்கட்டும். பனிமூட்டத்தில் நடக்கும் எங்களுக்கு முதுகோடு ஒட்டிய பைதான் நல்லது, குளிருக்கு அதுவே ஒரு கம்பளி.

மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. அதை நான் தற்செயலாகத்தான் கண்டேன். நாலு வருஷத்துக்கு முன் என்னோடு நடந்த ஒரு அமெரிக்க அம்மா, திரும்பிப் போகும்போது தன் பழைய பையை எனக்கே கொடுத்துவிட்டுப் போனார். அது வேட்டைக்காரர்களின் பை. மொன்டானாவில் ஆரம்பித்த மிஸ்டரி ராஞ்ச், ஸ்டோன் கிளேசியர், கொலராடோவில் ஆரம்பித்த கிஃபாரு போன்ற கம்பனிகள் இந்த மாதிரிப் பைகளுக்குப் பேர்போனவை. அங்கே அனுமதிச்சீட்டு எடுத்து, நாள்கணக்கில் மலையில் தங்கி எல்க் மான் வேட்டையாடுகிறார்கள். பெரிய கிடா ஒன்றில் எலும்பு நீக்கிய இறைச்சியே எண்பது கிலோவுக்கு மேல் வரும். அதைப் பகுதி பகுதியாக முதுகில் சுமந்துதான் ரோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அதனால் பையையும் பிரேமையும் தனித்தனியாகச் செய்கிறார்கள். பக்கிள்களைத் தளர்த்தினால் பை பிரேமிலிருந்து விலகி முன்னே சாயும். நடுவே ஒரு தட்டு மாதிரி இடம் திறக்கும். பாரமான மூட்டையை அங்கே வைத்து, பையால் அணைத்து இறுக்கிவிடலாம். மிகப் பாரமான பொருள் முதுகை ஒட்டி, உடம்பின் நடுவே நிற்கிறது. சட்டம் தோளுக்கு மேலே வரை உயர்ந்திருக்கும், வளையாது.

நம் காட்டில் வேட்டைக்கு இடமில்லை. 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. மரையிலும் மானிலும் கை வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. சாமுவேல் பேக்கர் போன்ற வெள்ளைக்காரர்கள் 1840களின் கடைசியில் நுவரெலியாவில் தங்கி மரை வேட்டை ஆடியபோது சாமான் சுமந்தது கூலியாட்கள். எங்கள் மலையில் பாரத்தின் கதை அப்படித்தான் ஆரம்பிக்கிறது. அதனால் ஒருவர் தன் பாரத்தைத் தானே சுமப்பதற்காக இவ்வளவு யோசித்துச் செய்த ஒரு பையைக் கையில் எடுத்தபோது எனக்கு அதன்மேல் மரியாதை வந்தது.

இப்போது அந்தத் தட்டில் நான் வைப்பது பத்து லீட்டர் தண்ணீர்க் கேன், அல்லது 2.3 கிலோ கேஸ் சிலிண்டர், அல்லது நனைந்த கூடாரம். நனைந்த கூடாரம் பைக்குள்ளே போகாமல், தூங்கும் பையை நனைக்காமல் நடுவே நிற்பது எவ்வளவு பெரிய உதவி என்று மழையில் நடந்தவருக்குத் தெரியும். குழுவுக்குச் சமைத்துப்போடுகிறவர், கமரா சாமான் சுமக்கிறவர், காயப்பட்டவரின் பையையும் சேர்த்துத் தூக்க வேண்டிய வழிகாட்டி, இவர்களுக்கு இந்த வகை தகும். தனக்கு மட்டும் சுமக்கிறவருக்கு வேண்டாம். வெறும் பையே இரண்டரை, மூன்று கிலோ வரும்.

ஒன்றை மறக்க வேண்டாம். வேட்டைப் பைகள் பெரும்பாலும் கமோ துணியில் வரும். அதை இங்கே எடுக்காதீர்கள். பட்டாளத்து உடுப்பு மாதிரித் துணியோடு ஒரு சாதாரண ஆள் காட்டுப் பாதையில் நடந்தால் கேள்வி வரும், நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது இன்னும் கஷ்டமான கேள்வியாக இருக்கும். சாம்பல், மண்நிறம், சிவப்பு என்று எதையாவது எடுங்கள். எனக்குச் சிவப்புதான் பிடிக்கும், மூடுபனியில் பின்னால் வருகிறவருக்கு நான் தெரிவேன்.

இப்போது முதுகை அளப்பது. இதற்கு இன்னொருவரும், தையல் டேப் ஒன்றும் வேண்டும். தலையைக் குனியுங்கள். கழுத்தின் அடியில் ஒரு எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும், அதுதான் கழுத்தின் ஏழாவது எலும்பு. டேப்பின் ஒரு முனை அங்கே. இனி நிமிர்ந்து, இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றுங்கள், சண்டைக்கு நிற்பது மாதிரி, கட்டைவிரல் பின்னால் வரட்டும். பாவாடை நாடா கட்டும் இடத்தைச் சொல்லவில்லை. பக்கவாட்டில் அழுத்தினால் கெட்டியாக ஒரு எலும்பு விளிம்பு தட்டுப்படுமே, அதன் மேல் கை இருக்க வேண்டும். இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவே ஒரு கோடு போட்டால் அது முதுகெலும்பைத் தொடும் இடம் வரை அளந்தால் உங்கள் முதுகு நீளம் கிடைக்கும். 45 சென்றிமீட்டருக்குக் கீழே என்றால் பெரும்பாலும் சிறிய அளவு, 45 முதல் 50 நடுத்தரம், அதற்கு மேல் பெரியது. கம்பனிக்குக் கம்பனி கொஞ்சம் மாறும். ஆளின் உயரத்தை வைத்து முடிவு பண்ண வேண்டாம். என் முதுகு 41 சென்றிமீட்டர்; என்னைவிட ஒரு சாண் உயரமான ஒரு தம்பிக்கு அளந்தபோது 44தான் வந்தது, மீதி உயரமெல்லாம் கால். அவர் பெரிய அளவுப் பை வாங்கி வந்திருந்தார். இடுப்புப் பட்டி தொடையில் இடிக்க இடிக்க இதல்கசின்ன வரை நடந்தார்.

பெண்களுக்குத் தனியாகச் செய்த பைகளைப் பலர் நிறத்துக்காக என்று நினைக்கிறார்கள். தோள் பட்டி ஒடுங்கி, மார்பைச் சுற்றி வளைந்து வரும். இடுப்புப் பட்டி கீழ்ப்பக்கம் விரிந்திருக்கும். ஆண்களின் பை எனக்கு அக்குளில் தேய்த்தது, இதில் தேய்ப்பதில்லை. ஒல்லியான ஆண்களுக்கும் இது பொருந்துவதுண்டு, போட்டுப் பார்க்க வெட்கப்பட வேண்டாம்.

கடைக்குப் போகும்போது ஐந்து கிலோ அரிசிப் பை இரண்டு கொண்டுபோங்கள். கடையில் பையை உப்பலாகக் காட்டுவதற்காக உள்ளே காகிதம் திணித்து வைத்திருப்பார்கள். அதைப் போட்டுப் பார்த்தால் எல்லாப் பையும் சுகமாகத்தான் இருக்கும். காகிதத்தை எடுத்துவிட்டு அரிசியைப் போடுங்கள். தண்ணீர்ப் போத்தல் இரண்டும் சேர்த்தால் பன்னிரண்டு கிலோ வரும். எல்லாப் பட்டியையும் தளர்த்திவிட்டு முதுகில் ஏற்றுங்கள். முதலில் இடுப்புப் பட்டி: பஞ்சு வைத்த பாகத்தின் நடு, அந்த எலும்பு விளிம்பின் மேல் உட்கார வேண்டும். இறுக்குங்கள். இரண்டு பஞ்சுப் பாகமும் முன்னால் முட்டிக்கொண்டால் அந்தப் பட்டி உங்களுக்குப் பெரிது. நாலு நாளில் உடம்பு இளைக்கும், அப்போது இறுக்க இடம் இருக்காது. அப்புறம் தோள் பட்டி. தோளைச் சுற்றி இடைவெளி இல்லாமல் படிய வேண்டும், ஆனால் அழுத்தக் கூடாது. தோளுக்கு மேலே பட்டியிலிருந்து பிரேமின் தலைக்குப் போகும் சின்னப் பட்டி ஒன்று இருக்கும். பக்கத்திலிருந்து பார்த்தால் அது 45 பாகை அளவில் மேலே ஏறிப்போக வேண்டும். படுத்துக் கிடந்தால் பிரேம் உங்களுக்குக் குட்டை. அதை எவ்வளவு இழுத்தாலும் பாரம் தோளைவிட்டு எழும்பாது. கடைசியில் மார்புப் பட்டி, மூச்சு முட்டாமல்.

இப்போது தோள் பட்டிக்கும் தோளுக்கும் நடுவே இரண்டு விரலை விட்டுப் பாருங்கள். சுலபமாகப் போனால் இடுப்பு வேலை செய்கிறது. கடையில் படிக்கட்டு இருந்தால் ஏறி இறங்குங்கள், கால் மணி நேரமாவது. கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடை பாருங்கள்.

ஒருநாள் பத்துக் கிலோ அரிசியை என் பையில் போட்டு அம்மாவின் முதுகில் மாட்டிவிட்டேன். பட்டியை நான்தான் இறுக்கினேன். லயத்து வாசலிலிருந்து பீலி வரை நடந்து போய்த் திரும்பி வந்தார். "என்ன புள்ள, தலையில ஒண்ணுமே இல்லையே," என்றார். அப்புறம் கையால் தலையைத் தொட்டுப் பார்த்தார், கயிறு இல்லை என்று.

இடுப்புப் பட்டி எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியவந்தது நக்கிள்ஸில். என் சொந்தப் பை தையலுக்குப் போயிருந்ததால் வாடகைக்கு ஒன்று எடுத்தேன். பேர்போன கம்பனியின் சின்னம் தைத்த போலி. மீமுரே பக்கம் இரண்டாம் நாள் இறக்கத்தில் இடுப்புப் பக்கிள் உடைந்தது. பதினேழு கிலோவும் தோளுக்கு வந்தது. அன்று சாயங்காலம் இடது கையில் இரண்டு விரல் மரத்துப்போய், நெருப்புப்பெட்டியைப் பிடிக்க முடியவில்லை. தோள் பட்டி நரம்பை நசுக்கினால் அப்படி ஆகும். அது சரியாவதற்கு மூன்று வாரம் எடுத்தது. அதிலிருந்து மாற்றுப் பக்கிள் ஒன்று எப்போதும் என் பையின் மேல் பொக்கட்டில் இருக்கும். தைக்காமலே மாட்டக்கூடிய, திறந்து மூடும் வகை கிடைக்கிறது. உங்கள் பட்டியின் அகலத்துக்கு ஏற்றதாகப் பார்த்து வாங்குங்கள். கடையில் பை பார்க்கும்போதும் பக்கிளைப் பத்துத் தடவை போட்டு எடுங்கள், தோள் பட்டி பையோடு சேரும் இடத்தில் தையலை இழுத்துப் பாருங்கள். போலிகள் முதலில் விட்டுப்போவது அந்த இரண்டு இடத்தில்தான்.

மழையைப் பற்றி. வைகாசி முதல் புரட்டாசி வரை அட்டன், மஸ்கெலியா பக்கம் தென்மேற்கு மழை; மார்கழி, தை மாசங்களில் பதுளைப் பக்கம் வடகிழக்கு மழை; நடுவே ஐப்பசியில் எல்லாப் பக்கமும் பின்னேர இடியும் மழையும். ஆக, நனையாத பை என்று ஒன்று இங்கே கிடையாது. மேலே போடும் மழையுறை முதுகுப் பக்கத்தை மூடாது, முள்ளில் கிழியும். உள்ளே ஒரு பை போடுவதுதான் வழி. உர மூட்டைக்குள் இருக்கும் தடித்த பொலித்தீன் பையை நன்றாகக் கழுவிக் காயவைத்து நான் பாவிக்கிறேன். ஹோர்டன் சமவெளி வாசலில் பொலித்தீனைச் சோதித்து எடுத்துவிடுவார்கள், அந்தப் பக்கம் போகும்போது மட்டும் துணியில் செய்த, தண்ணீர் புகாத ட்ரை பேக்.

துணி 210 முதல் 500 டெனியர் வரை இருந்தால் போதும்; டெனியர் என்பது நூலின் தடிப்புக் கணக்கு. ஆயிரம் டெனியர் கிழியாது, ஆனால் தண்ணீர் குடித்துப் பாரம் ஏறும். அதைவிட முக்கியம் துணியின் உட்பூச்சு. பழைய பை வாங்கினால் கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டினாலோ, வெள்ளைச் செதிலாக உதிர்ந்தாலோ அந்த பொலியூரிதேன் பூச்சு ஈரத்தில் செத்துவிட்டது. மோந்து பார்த்தாலும் தெரியும், புளித்த வாடை அடிக்கும். வெளியே புதுசு மாதிரி இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

எங்கள் ஊர் ஈரத்தில் பூச்சு இப்படிச் சீக்கிரம் கெட்டுப்போகும். பயணம் முடிந்து வந்ததும் பையை முழுக்கக் காலி பண்ணி, எல்லா ஜிப்பையும் திறந்து, தலைகீழாகக் கயிற்றில் தொங்கவிடுங்கள். அட்டைப்பூச்சி எங்காவது ஒளிந்திருந்தாலும் விழுந்துவிடும். நேர் வெயில் வேண்டாம், காற்று போதும். அடுப்புக்கு மேலே விறகு காயும் இடத்தில் வைத்தால் சீக்கிரம் காயும் என்று தோன்றும். நானும் வைத்திருக்கிறேன், புகையும் சூடும் சேர்ந்து பட்டி இறுகிப் போயிற்று. இப்போது லயத்து வாசல் கம்பியில் கொழுகிவிடுகிறேன். இரண்டு நாள் தொங்கினால் போதும், அப்புறம் மடித்து அமுக்காமல் ஆணியில் மாட்டி வைக்கலாம்.